கார்ட்டூன் படங்களில் அம்மாவும் அப்பாவும் எங்கே போகிறார்கள்?

கொழும்பு வெள்ளவத்தையில் வசிக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார். அவருடைய ஆறு வயது மகன் பாடசாலை விடுமுறையில் வரிசையாகச் சில அசைவூட்டப் படங்களைப் பார்த்துவிட்டு, “ஏனம்மா, இந்தப் படங்களிலை ஒரு பிள்ளைக்கும் அம்மாவும் அப்பாவும் சேர்ந்து இல்லை?” என்று வினவியிருக்கிறான். பையனின் தந்தை சில வருடங்களாக டோஹாவில் வேலை செய்கிறார் என்பதால், அந்தக் கேள்வி தாயின் நெஞ்சில் வேறு விதமாகத் தைத்திருக்கிறது. படம் எடுப்பவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள், இது பிள்ளையின் மனதைப் பாதிக்குமா, இத்தகைய படங்களைக் காட்டாமல் விட்டுவிடலாமா என்பவை அவர் கேட்டிருக்கும் மூன்று கேள்விகள். கொட்டாஞ்சேனையில் சிறுவர்களுக்கு மாதத்துக்கு ஒரு படம் காட்டும் வேலையைப் பல வருடங்கள் செய்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்தவரை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், பையனின் கணிப்பு சரியானது. 1937 இல் வெளியான ஸ்னோ வைட்டுக்குத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. 1942 இல் வந்த மான்குட்டி பேம்பியின் தாய் வேட்டைக்காரனின் குண்டுக்குப் பலியாகிறது. லயன் கிங்கில் தந்தை கொல்லப்படுகிறார். டார்ஸானின் பெற்றோரைச் சிறுத்தை கொன்றுவிடுகிறது. குட்டி மீன் நீமோவின் தாய் முதல் ஐந்து நிமிடத்துக்குள் இல்லாமற் போகிறது. ஃப்ரோசனில் இருவரும் கடலில் மூழ்குகிறார்கள். கனடாவையும் பிரித்தானியாவையும் சேர்ந்த ஆய்வாளர்கள் சிலர் 1937 முதல் 2013 வரை வெளியாகி அதிக வசூல் பெற்ற 45 அசைவூட்டப் படங்களை, பெரியவர்களுக்கான 90 படங்களுடன் ஒப்பிட்டு, 2014 டிசம்பரில் பிரித்தானிய மருத்துவ இதழின் கிறிஸ்மஸ் காலப் பதிப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்தப் பதிப்பில் வழக்கமாகக் கொஞ்சம் குறும்பான ஆய்வுகளே வரும் என்றாலும், கணக்கு ஒழுங்கான கணக்குத்தான். கதாநாயகனின் பெற்றோர் இறப்பதற்கான வாய்ப்பு, பெரியவர்களின் படங்களைவிடச் சிறுவர் படங்களில் ஐந்து மடங்கு அதிகமாக இருந்தது. இறந்ததாகக் கூடச் சொல்லப்படாமல், பேச்சிலும் அநேகமாக வராமற் போன தாய்மாரை அந்தக் கணக்கில் சேர்க்க வழியில்லை. 1989 இன் கடற்கன்னிக்கும், 1991 இன் ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ நாயகி பெல்லுக்கும், 1992 இன் அலாவுதீன் படத்து இளவரசி ஜாஸ்மினுக்கும் அன்பான தகப்பன்மார் இருக்கிறார்கள். தாய் எங்கே என்று அந்தப் படங்களில் ஒருவரும் கேட்பதில்லை.

இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் ஒரு காரணம் உண்டு. வோல்ட் டிஸ்னியும் அவருடைய அண்ணன் ரோயும் பணம் சேர்ந்ததும் பெற்றோருக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுத்தார்கள். அந்த வீட்டை வெப்பமூட்டும் எரிவாயு உலையில் ஏற்பட்ட கசிவினால் 1938 நவம்பரில் தாய் ஃப்ளோரா மூச்சடைத்து இறந்தார். தந்தை உயிர் தப்பினார். மகன் ஆசையோடு வாங்கித் தந்த வீடே தாய்க்கு எமனானது. அந்தக் குற்ற உணர்ச்சிதான் தாயில்லாக் கதைகளாக வெளிப்பட்டது என்பது விளக்கம். லயன் கிங் படத்தின் தயாரிப்பாளர் டொன் ஹான் இதை ஒரு நேர்காணலில் சொன்ன பிறகு, எல்லோரும் இதையே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நிகழ்ச்சி உண்மை, துயரமும் உண்மை. ஆனால் காரணமாக இது நிற்காது. ஸ்னோ வைட் திரைக்கு வந்தபோது ஃப்ளோரா உயிரோடிருந்தார். பேம்பியின் தாயைக் கொன்றவர் டிஸ்னி அல்லர். ஆஸ்திரிய எழுத்தாளர் ஃபீலிக்ஸ் சால்ட்டன் 1923 இல் எழுதிய நாவலிலேயே அது இறந்துவிட்டது. டொன் ஹானும் இதை ஒரே காரணமாகச் சொல்லவில்லை. படத்துக்குக் கிடைப்பது எண்பது, தொண்ணூறு நிமிடம். அதற்குள் ஒரு பிள்ளை பொறுப்பேற்று வளர்ந்தாக வேண்டும் என்ற நடைமுறைக் காரணத்தைத்தான் அவர் முதலில் சொன்னார். கதை ருசியாக இருந்தபடியால் இரண்டாவது மட்டும் ஊரெல்லாம் பரவியது.

டிஸ்னிக்கு முன்பே இந்தப் பழக்கம் நாட்டார் கதைகளில் வேரூன்றியிருந்தது. பிள்ளைப்பேற்றில் தாய்மார் இறப்பதும், தந்தை மறுமணம் செய்வதும் சாதாரணமாக இருந்த காலத்தில் பிறந்த கதைகள் அவை. ஆனால் கதை சொல்லிகளின் கைவேலையும் அதில் இருக்கிறது. கிரிம் சகோதரர்கள் 1812 இல் அச்சிட்ட ஸ்னோ வைட் கதையில், அழகில் தன்னை மிஞ்சிய சிறுமியைக் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாயே. 1819 இன் இரண்டாம் பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். பெற்றவள் கொடியவள் என்று பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட மனம் ஒப்பவில்லை போலும். நல்ல தாயைத் தொடக்கத்திலேயே சாகவிட்டு அவளுடைய நற்பெயரைக் காப்பாற்றி, கோபத்தையும் பொறாமையையும் இன்னொரு பெண்ணின் தலையில் கட்டிவிட்டார்கள். இது தமிழில் வரும்போது ஒரு புதுச் சிக்கல் கிளம்புகிறது. நம்மிடையே ‘சித்தி’ என்பது தாயின் தங்கையையும் குறிக்கும், மாற்றாந்தாயையும் குறிக்கும். ஒருமுறை சின்டரெல்லா கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சித்தியின் வீட்டில் தங்கிப் படிக்கும் ஒரு சிறுமி முகம் வாடி உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து கொஞ்சம் புத்தக வாடை அடித்தாலும் ‘மாற்றாந்தாய்’ என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன்.

இனி உண்மையான காரணத்துக்கு வருகிறேன். அதை விளக்குவதற்கு ஹொலிவூட் வரை போக வேண்டியதில்லை. நம் சைவப் பிள்ளைகள் சமய பாடத்தில் படிக்கும் ஒரு கதையே போதும். சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதுக் குழந்தையை இருத்திவிட்டுச் சிவபாதவிருதயர் நீரில் மூழ்குகிறார். தந்தையைக் காணாத குழந்தை கோயிற் சிகரத்தைப் பார்த்து “அம்மே, அப்பா” என்று அழுகிறது. உமையம்மை பாலூட்டுகிறாள். தந்தை கரையேறி வந்து, வாயில் பால் வழிய நிற்கும் பிள்ளையைப் பார்த்துக் கோலை ஓங்கி, யார் தந்த பால் இது என்று அதட்டுகிறார். பிள்ளை கையை நீட்டிக் காட்டித் ‘தோடுடைய செவியன்’ என்று பாடுகிறது. இந்தக் கதையில் நடக்க வேண்டியது அனைத்தும் தகப்பனார் நீருக்கடியில் மூச்சடக்கி இருக்கும் அந்தச் சிறு பொழுதுக்குள் நடந்து முடிகிறது. அவர் கரையில் நின்றிருந்தால் அழுத பிள்ளையைத் தூக்கித் தோளிற் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். நமக்குத் தேவாரம் கிடைத்திராது. அவர் கெட்ட தகப்பனும் அல்லர், இறந்த தகப்பனும் அல்லர். கதை தொடங்குவதற்குத் தேவையான அளவு நேரம் மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தார், அவ்வளவுதான்.

சிறுவர் படம் எடுப்பவருக்கு இருக்கும் நெருக்கடியும் அதுவே. பொறுப்பான பெற்றோர் பக்கத்தில் இருக்கும் வரை, எட்டு வயதுப் பிள்ளை காட்டுக்குள் போகாது. போனாலும் இருட்டுவதற்குள் கூட்டி வந்துவிடுவார்கள். முடிவெடுக்கும் உரிமை பிள்ளையின் கைக்கு வர வேண்டுமென்றால், அதை இப்போது வைத்திருப்பவர்களை அப்புறப்படுத்த வேண்டும். இதற்கு நல்ல சான்று அலாவுதீன் படம். அதன் ஆரம்பக் கதைவடிவத்தில் அவனுக்கு ஒரு தாய் இருந்தாள். அவளிடம் தான் ஒருநாள் நல்ல பெயர் எடுப்பேன் என்று அவன் உருகிப் பாடும் ஒரு பாட்டையும் பாடலாசிரியர் ஹவர்ட் ஆஷ்மன் எழுதியிருந்தார். கதையைத் திருத்தியபோது தாயும் போனாள், பாட்டும் போனது, அவன் அநாதையானான். ஆஷ்மன் 1991 இல் இறந்தார். மறு ஆண்டு வெளியான படத்தில் அந்தப் பாட்டு இல்லை. பல ஆண்டுகள் கழித்து, 2014 இல் நியூயோர்க் பிரோட்வே மேடையில் அலாவுதீன் நாடகமாக வந்தபோது அந்தப் பாட்டும் கூட வந்தது. அப்போதும் தாய் உயிரோடு வரவில்லை. யாருடைய மனக்காயமும் அந்தத் தாயைக் கொல்லவில்லை. அவள் இருந்தால் மகனின் கண் அவள் மீதே இருக்கும். இளவரசியின் மாடத்தை நிமிர்ந்து பார்க்க நேரம் இராது. கணக்குப் பார்த்து எடுத்த முடிவு அது.

ஆகவே பெற்றோர் ஏன் இல்லை என்ற கேள்வியைவிட, அந்த இன்மையைப் படம் எவ்வாறு நடத்துகிறது என்ற கேள்வியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. இங்கேதான் நல்ல படமும் சோம்பேறிப் படமும் பிரிகின்றன. ஃப்ரோசனில் அரசனும் அரசியும் கப்பலேறுகிறார்கள், ஒரு பேரலை எழுகிறது, படத்தில் மூன்று வருடம் கடந்துவிடுகிறது. மூத்தவள் முடிசூட வேண்டும் என்பதற்காக அவர்கள் அகற்றப்பட்டார்கள், வேறொன்றும் இல்லை. பாட்டுகள் நன்றாக இருந்தபடியால் நாம் அதை மன்னித்துவிட்டோம். நீமோவில் அப்படியல்ல. தாயும் நானூறு முட்டைகளும் போய் ஒன்றே ஒன்று மிஞ்சியதால், தகப்பன் மீன் அந்த ஒற்றை மகனைப் பாசியைக் கூடத் தொடவிடாத அளவுக்குப் பொத்திப் பொத்தி வளர்க்கிறது. அந்தப் பயத்திலிருந்துதான் முழுக் கதையும் கிளைக்கிறது. இல்லாதவள் கடைசிக் காட்சி வரை அந்தத் தகப்பனின் ஒவ்வோர் அசைவிலும் இருக்கிறாள். (இயற்கையில் அந்தக் கோமாளி மீன் இனத்தில் பெண் மீன் இறந்தால் கூட்டத்துப் பெரிய ஆண் மீன் தானே பெண்ணாக மாறிவிடும். அதையும் படத்தில் வைத்திருந்தால் பையனின் கேள்விகள் இரட்டிப்பாகியிருக்கும்.)

பேம்பியின் தாய் இறக்கும் இடத்தைப் பலர் கொடூரமான காட்சியாக நினைவில் வைத்திருக்கிறார்கள். திரும்பப் பார்த்தால் வியப்பாக இருக்கும்: அந்தச் சாவு திரையில் காட்டப்படவே இல்லை. குட்டி முன்னால் ஓடுகிறது, பின்னால் தாயின் குரல் மட்டும் கேட்கிறது, ஒரு வெடிச்சத்தம். புதருக்குள் புகுந்து தப்பிவிட்டோம் என்று மகிழ்ந்து திரும்பும் குட்டிக்குப் பின்னால் யாரும் இல்லை. பனி கொட்டத் தொடங்குகிறது. குட்டி கூப்பிட்டுக்கொண்டே நடக்கிறது. பனியின் நடுவில் தந்தை மான் கரும் நிழலாக நின்று, இனி அம்மா உன்னோடு இருக்க முடியாது என்ற பொருளில் ஒரே வாக்கியம் சொல்கிறது. அடுத்த காட்சியில் வசந்தம், குருவிகளின் பாட்டு. அந்தத் தாவல் எனக்கு இன்றும் உறுத்துகிறது. அழுவதற்குப் பிள்ளைக்கு ஒரு நிமிடம் கூடக் கொடுக்கவில்லை. லயன் கிங்கில் குட்டிச் சிங்கம் இறந்த தந்தையின் காதைக் கடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, அதன் முன்னங்காலுக்கடியில் புகுந்து படுத்துக்கொள்கிறது. அது துக்கத்துக்கு இடம் கொடுத்த காட்சி. அதனாலேயே அது தாங்கக்கூடியதாக இருக்கிறது என்பது என் எண்ணம்.

கொட்டாஞ்சேனை மண்டபத்தில் டம்போ காட்டிய மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஓயாத மழை, தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பாதி வசனம் கேட்கவில்லை. 1941 இல் வந்த அந்தப் படம் 64 நிமிடம் மட்டுமே ஓடும். பெரிய காதுகளைக் கேலி செய்த பையன்களைத் தாய் யானை தண்டித்துவிட, அதற்கு மதம் பிடித்துவிட்டதென்று தனிக் கூண்டுவண்டியில் அடைத்து விடுகிறார்கள். குட்டி இரவில் தேடி வருகிறது. காலில் சங்கிலி இருப்பதால் தாயால் சன்னலருகே வர முடியவில்லை. தும்பிக்கையை மட்டும் கம்பிகளுக்கிடையால் நீட்டித் தடவித் தடவிக் குட்டியைக் கண்டுபிடித்து, அதை வளைத்துத் தாலாட்டுகிறது. அந்த இடத்தில் மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. முன்வரிசையில் இருந்த ஏழு வயதுப் பையன், கொழும்பின் நவம் பெரஹெரா ஊர்வலத்தில் யானைகளின் காற்சங்கிலியை அருகில் நின்று பார்த்தவன், திரும்பி என்னிடம், “அந்தச் சங்கிலித் திறப்பு யாரிட்டை இருக்கு?” என்று கேட்டான். அவனுடைய தாய் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தார் என்பதை அம்மம்மா சொல்லிப் பின்னர்தான் அறிந்தேன். தாய் இல்லை என்பது அவனுடைய கேள்வி அல்ல. இருக்கிறவள் ஏன் வர முடியவில்லை, விட மறுப்பது யார் என்பதே கேள்வி.

நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு மிகவும் முக்கியம். இங்கே வீட்டில் ஒருவர் இல்லாமல் வளரும் பிள்ளைகளில் பலருக்கு அந்த ஒருவர் இறந்துவிடவில்லை, வளைகுடாவில் உழைக்கிறார். போரிலும் 2004 இன் ஆழிப்பேரலையிலும் பெற்றோரை இழந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு மூத்த சகோதரி தாயாக நிற்கும் லிலோ அண்ட் ஸ்டிட்ச் போன்ற படம் நெருக்கமாக இருக்கும். தொலைவில் இருப்பவரின் பிள்ளைக்கு மரணக் கதை தேவையற்ற பயத்தையே கொடுக்கும். 2013 இல் அரசாங்கம் ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ என்ற நடைமுறையைக் கொண்டு வந்து, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள பெண்கள் வீட்டுப் பணிக்கு வெளிநாடு செல்வதைக் கட்டுப்படுத்தியது. தாயிடம் மட்டுமே அந்த அறிக்கை கேட்கப்பட்டது. தகப்பன் போகும்போது பிள்ளையைப் பற்றி யாரும் ஒரு தாளும் நிரப்பச் சொல்லவில்லை. தகப்பன் இல்லாதது ஒரு குறையாகக் கணக்கில் எடுக்கப்படாத சமூகத்தில், இந்த ஆறு வயதுப் பையன் அதைக் கணக்கில் எடுத்திருக்கிறான்.

அவனுக்கு முதலில் காட்டத் தகுந்தது 2009 இல் வந்த ‘அப்’ என்பேன். அதில் வரும் ரஸல் என்ற சிறுவனின் தந்தை உயிரோடுதான் இருக்கிறார், ஆனால் வருவதில்லை. முன்பு அவரும் தானும் ஐஸ்கிரீம் கடை வாசலில் இருந்து, அவர் சிவப்புக் கார்களையும் தான் நீலக் கார்களையும் எண்ணுவோம் என்று ரஸல் சொல்கிறான். சாதாரணமான அந்த விடயந்தான் தனக்கு அதிகம் ஞாபகம் வருகிறது என்கிறான். படத்தின் முடிவில் அந்தத் தந்தை மனம் திருந்தி ஓடி வருவதில்லை. கிழவர் கார்ல் வந்து பக்கத்தில் இருந்து கார் எண்ணுகிறார். இதை உங்கள் மகனுக்குக் காட்டும்போது, ரஸலின் அப்பாவும் அவனுடைய அப்பாவும் ஒன்றல்ல என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அடுத்ததாக டோட்டோரோ என்ற ஜப்பானியப் படம். இரண்டு சிறுமிகளின் தாய் மருத்துவமனையில் இருக்கிறார், தந்தை அன்பானவர், தீயவர் என்று ஒருவரும் இல்லை. படத்தை எடுத்த மியசாக்கி ஹயாவோவின் தாயும் முள்ளந்தண்டுக் காசநோயால் பல வருடம் படுக்கையில் இருந்தவர். சின்னவள் அம்மாவுக்கென்று ஒரு சோளப்பொத்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வழி தவறிப்போகும் பகுதியில் மட்டும் பிள்ளை உங்கள் மடியில் இருக்கட்டும். அந்தப் பொத்தி கடைசியில் மருத்துவமனைச் சன்னற்படியில் போய்ச் சேர்ந்துவிடும். 1988 ஏப்ரலில் இந்தப் படத்தோடு சேர்த்து ஒரே காட்சியாகத் திரையிடப்பட்ட ‘மின்மினிகளின் கல்லறை’யை இப்போது தொடவே வேண்டாம், அது பெரியவர்களான நமக்கான படம்.

பாதிக்குமா என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. பக்கத்தில் ஒருவரும் இல்லாமல், கைத்தொலைபேசியில் தனியாகப் பார்க்கும் பிள்ளைக்கு இந்தக் காட்சிகள் தூக்கத்தைக் கெடுக்கலாம். பக்கத்தில் ஆள் இருந்தால் பெரும்பாலும் கேள்வியாக மாறும். காட்சியை மறைப்பது நான் கண்டவரை பயன் தருவதில்லை. என் தங்கையின் மகளுக்கு லயன் கிங் காட்டியபோது நான் பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு, தந்தை இறக்கும் பகுதியை வேகமாக ஓட்டிவிட்டேன். அதன் பிறகு படம் முடியும் வரை அவள் ஒன்றையும் ரசிக்கவில்லை. “அப்பாச் சிங்கம் எங்கை, மாமா?” என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டாள். போய்விட்டது என்றேன். எப்ப வரும் என்றாள். செத்த சிங்கத்தை அவள் தாங்கியிருப்பாள். காரணமில்லாமல் காணாமற்போன சிங்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. இரவு தங்கையிடம் நான் வாங்கிய ஏச்சு நியாயமானது.

அண்மைக் காலத்தில் இரு பெற்றோரும் உள்ள படங்களும் வருகின்றன: 2012 இல் பிரேவ், 2015 இல் இன்சைட் அவுட், 2017 இல் கோக்கோ, 2022 இல் டேர்னிங் ரெட். அவற்றில் பெரும்பாலும் பெற்றோர் அளவுக்கு அதிகமாக இருப்பதே பிரச்சினை. பையனின் பட்டியலில் ஒரு மாறுதலுக்கு இவற்றைச் சேர்க்கலாம்.

அவனுடைய கேள்விக்கு இன்றிரவு என்ன சொல்வது என்பது மிச்சம். உள்ளதைச் சொல்லுங்கள்: பெரியவர்கள் இருந்தால் அவர்களே எல்லாவற்றையும் செய்துவிடுவார்கள், அதனால் கதை எழுதுபவர்கள் அவர்களைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பிவிடுகிறார்கள் என்று. ஆறு வயதுக்கு இது விளங்கும். பிறகு ஒரு வெள்ளிக்கிழமையைத் தெரிவு செய்யுங்கள். கட்டாரில் அன்று விடுமுறை. டோஹா நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் இருப்பதால், இங்கே மாலை ஐந்தரைக்கு நீங்கள் படத்தைத் தொடங்கினால், அங்கே அவர் பிற்பகல் மூன்றுக்குத் தொடங்க வேண்டும். படம் முடிந்ததும் காணொளி அழைப்பெடுத்து, பையனைக் காலி வீதிப் பக்கம் பார்த்த பல்கனியில் இருத்தி, சிவப்பு நிறத்தை அவனுக்கும் நீலத்தை அவருக்கும் கொடுங்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்: இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) சிவப்பு பஸ்களையும் சேர்த்தால் சிவப்பு எப்படியும் வென்றுவிடும்.